மழைக்கும் குளிருக்கும் மட்டுமா குடை?

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில் உதகமண்டலத்தில் வெப்பநிலை 29 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 1951க்குப் பிறகு அந்த ஊரில் பதிவான மிக அதிக வெப்பம் அது. அந்த நாட்களுக்கு வழக்கமான அளவைவிட ஐந்து டிகிரிக்கும் மேல். ஈரோட்டில் 40ஐத் தாண்டி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரம் என்பதால், கீழ்நாட்டில் இருந்தவர்களுக்கு 29 என்ற எண் பெரிதாகப் படவில்லை. ‘ஊட்டியிலேயே வெயிலாம்’ என்று வியந்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனார்கள்.

அந்த எண்ணைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலையை எல்லா ஊருக்கும் ஒரே அளவில் வரையறுப்பதில்லை. சமவெளியில் 40 டிகிரி, கடலோரத்தில் 37, மலைப்பகுதியில் 30 என்று எல்லை வைத்திருக்கிறது. அந்த எல்லையை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது கூடினால் அது வெப்ப அலை. உதகையில் அன்று வழக்கத்தை மீறிய அளவு போதுமானதாக இருந்தது. எல்லைக்கு ஒரே ஒரு டிகிரிதான் குறைவு. மலைக்கு 30 போதும் என்று அந்த விதி சொல்வதற்குக் காரணம் உண்டு. வெயிலின் கொடுமை வெப்பமானியில் மட்டும் இல்லை. அந்த வெயிலுக்குப் பழகாத உடலிலும், அதற்காகக் கட்டப்படாத வீட்டிலும், அதை எதிர்பார்க்காத வேலைமுறையிலும் இருக்கிறது.

நீலகிரியில் வெயிலிலிருந்து நம்மையும் அடுத்தவரையும் எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு, சென்னைக்காக எழுதிய அறிவுரையை அப்படியே எடுத்து ஒட்டினால் விடை கிடைக்காது. இந்த மலை குளிருக்காகவே தன்னை ஆயத்தம் செய்துகொண்ட மலை. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு மலை, பல வெயில்

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர். உதகை 2,240 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் பொதுவாக ஆறரை டிகிரி குறையும். ஆக, அடிவாரத்துக்கும் உச்சிக்கும் இடையே பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவனை 1819இல் இங்கே இழுத்ததும், 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் பல்சக்கர ரயிலை ஏற்றியதும் இந்தப் பன்னிரண்டு டிகிரிதான். தோடர்களும் கோத்தர்களும் படுகர்களும் குறும்பர்களும் வாழ்ந்த மலை, சமவெளி வெயிலுக்குத் தப்பி வந்தவர்களின் ஊராகவும் மாறியது அப்படித்தான்.

ஆனால் ‘நீலகிரி என்றால் குளிர்’ என்ற சொல்லுக்குள் மாவட்டம் முழுவதும் அடங்காது. கூடலூர் ஆயிரம் மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முகம் கொடுத்த பக்கம் என்பதால் கூடலூரிலும் பந்தலூரிலும் மழைக்கு முந்தைய வாரங்கள் புழுக்கமானவை. மசினகுடிப் பக்கம் மழை மறைவுப் பகுதி; அங்கே வறண்ட வெயில். கல்லாறு, பர்லியாறு வழியாக ஏறும்போது காடும் ஈரமும் சேர்ந்த கனத்த காற்று சட்டையை உடம்போடு ஒட்டவைக்கும். உதகையிலோ காற்று சில்லென்று இருக்கும்போதே வெயில் சுள்ளென்று அடிக்கும்.

ஒரே நாளில் இந்த எல்லா வெயிலையும் கடக்கிறவர்கள் உண்டு. விடியற்காலையில் உதகைப் பக்கத்துத் தோட்டத்தில் ஸ்வெட்டரோடு கேரட் மூட்டை ஏற்றும் தொழிலாளி, பகலில் மேட்டுப்பாளையம் மண்டியில் அதே மூட்டைகளை இறக்குகிறார். அவர் உடல் காலையில் இருந்தது குளிர்காலத்தில். மதியம் நிற்பது அக்கினி நட்சத்திரத்தில்.

உடல் எப்படித் தோற்கிறது

நம் உடலின் உள்வெப்பம் 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். அது கூடினால் உடலுக்குத் தெரிந்த பெரிய வழி வியர்வை. வியர்வை வழிவதால் உடல் குளிர்வதில்லை. அது ஆவியாவதால்தான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகும். 32 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 40 சதவீதம் இருந்தால் உடல் அதை 33 போல உணரும். அதே 32 டிகிரியில் ஈரப்பதம் 80 சதவீதமானால் 45 டிகிரி போலத் தாக்கும். கூடலூரிலும் பர்லியாற்றிலும் வெப்பமானியை மட்டும் நம்பக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது விஷயம் பழக்கம். வெயிலில் தொடர்ந்து வேலை செய்யும் உடல் ஒன்று முதல் இரண்டு வாரத்தில் அதற்குப் பழகுகிறது. சீக்கிரமே வியர்க்கத் தொடங்குகிறது, வியர்வையில் உப்பை இழப்பது குறைகிறது, ரத்த ஓட்டம் சீராகிறது. குளிர்ந்த ஊரில் இருப்பவருக்கு இந்தப் பழக்கம் இல்லை. திருப்பூர்க்காரர் தாங்கும் வெயிலைக் கோத்தகிரிக்காரர் தாங்கவில்லை என்றால் அது பலவீனம் இல்லை, உடலின் இயல்பு. மலைக்காரர் சித்திரையில் கோவை ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ இறங்கும்போது முதல் இரண்டு நாள் வெயிலில் அலையாமல் இருப்பது நல்லது.

மூன்றாவது, மலைவெயிலின் தனிக்குணம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. உதகையில் அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் அதிகம். குளிர்ந்த காற்று தோலைத் தடவிக்கொண்டே இருப்பதால் சுடுவது உடனே தெரியாது. தாகமும் எடுக்காது. மாலையில் முகம் எரியும்போதும் தலை இடிக்கும்போதும்தான் நாள் முழுவதும் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்பது நினைவுக்கு வரும்.

குளிருக்காகக் கட்டிய வீடு, குளிருக்காக எழுதிய சட்டம்

மலை வீடுகளைப் பாருங்கள். தாழ்ந்த கூரை, சிறிய ஜன்னல், காற்று புகாத கதவு. எல்லாம் வெப்பத்தை உள்ளே பிடித்து வைப்பதற்கான ஏற்பாடு. பல எஸ்டேட் லைன் வீடுகளுக்கு மேலே தகரமோ சிமெண்ட் ஷீட்டோ இருக்கும். ஜனவரிப் பனிக்கு அடைத்த வீடு ஏப்ரல் மதியத்தில் வேகும். மின்விசிறியே இல்லாத வீடுகளும் ஏராளம். நேற்றுவரை அதற்குத் தேவை இருந்ததில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் வெயில் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் ஒரு கசப்பான பாடம் பார்த்திருக்கிறது. 2021 ஜூனில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் வெப்பம் வரலாறு காணாத அளவுக்கு ஏறியது. லிட்டன் என்ற சிற்றூரில் 49.6 டிகிரி பதிவானது. அந்த மாநிலத்தில் 619 பேர் வெப்பத்தால் இறந்தார்கள். அவர்களில் 98 சதவீதம் பேருக்கு வெப்பம் தாக்கியது வீட்டுக்குள்ளே. மூன்றில் இரண்டு பங்கினர் எழுபது வயதைக் கடந்தவர்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் தனியாக வாழ்ந்தவர்கள். குளிர் நாட்டில், குளிருக்குக் கட்டிய வீட்டில், கவனிக்க ஆளில்லாமல் போனார்கள். நீலகிரியில் அந்த அளவு வெப்பம் வராது. ஆனால் பிள்ளைகள் கோவையிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போய்விட, படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் எஸ்டேட் லைன்களிலும் தனித்திருக்கும் முதியவர்கள் இங்கே உண்டு. அந்த 619 பேரின் கதையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த ஒற்றுமையைத்தான்.

சட்டமும் அந்த வீட்டைப் போலத்தான். 1951இல் இயற்றப்பட்டு 2025 வரை நடைமுறையில் இருந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்தியத் தோட்டத் தொழிலாளிக்குப் பல உரிமைகளைத் தந்த நல்ல சட்டம். வேலை செய்யும் இடத்திலேயே போதிய குடிநீர், கழிப்பிடம், மருத்துவம், குழந்தைக் காப்பகம் என்று அது வரிசையாகச் சொன்னது. அதன் 17ஆம் பிரிவு, குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றைத் தொழிலாளிக்கு வழங்குவதைப் பற்றியதாக இருந்தது. எதிலிருந்து காக்க? மழையிலிருந்தும் குளிரிலிருந்தும். வெயில் என்ற சொல் அங்கே இருக்கவில்லை. எழுதியவர்கள் மீது குறை சொல்ல முடியாது. அன்றைய மலைக்கு வெயில் ஒரு பகையாக இருக்கவில்லை. இன்றைய மலைக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது.

தேயிலைக் காட்டில் ஒரு பகல்

இலை எடுக்கும் ஒரு பெண்ணின் உடையைக் கிட்டே நின்று பார்த்தால் பிரச்சினை விளங்கும். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. காலைப் பனிக்கு ஒரு ஸ்வெட்டர். செடியின் ஈரமும் கிளையும் படாமல் இருக்க இடுப்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் ஷீட். அட்டைப்பூச்சிக்கும் பாம்புக்கும் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தலையில் துண்டு, முதுகில் கொழுந்துப் பை. காலை எட்டு மணிக்கு இவை எல்லாமே அவசியம். பதினோரு மணிக்கு, சரிவில் காற்று நின்றுபோன நேரத்தில், அந்த ஷீட்டும் பூட்ஸும் உடம்பின் பாதியை மூடிக் கட்டிய பொட்டலம்போல் ஆக்கிவிடும். வியர்வை உண்டு, அது ஆவியாக வழியில்லை.

கூலி கிலோவோடு கட்டப்பட்டது. நிர்ணயித்த எடைக்கு மேல் எடுத்தால்தான் கூடுதல் காசு. அதனால் நிழலில் பத்து நிமிடம் உட்கார்வது வருமானத்தில் விழும் வெட்டு. ‘தண்ணி குடிச்சீங்களா அக்கா?’ என்று கேட்டால், ‘குடிச்சுட்டு எங்க போறது?’ என்ற பதில் வரும். கழிப்பிடம் பக்கத்தில் இல்லாத காட்டில் பெண்கள் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். வெயில் நோயும் சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகக் கல்லும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. குடிதண்ணீர் வைத்தால் மட்டும் போதாது, கழிப்பிடமும் வேண்டும். இது வசதி பற்றிய பேச்சு இல்லை. வெப்பத் தடுப்பு மருத்துவம்.

மருந்தடிக்கும் ஆண்களின் நிலை இன்னொரு வகை. நச்சிலிருந்து காக்கும் மேலங்கி வெப்பத்தை உள்ளே பூட்டுகிறது. அந்த வேலையை விடியலிலோ மாலையிலோ மட்டும் வைத்துக்கொள்வதுதான் வழி. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து எஸ்டேட்டுகளில் வேலை செய்யும் புதிய தொழிலாளர்களுக்கு, எச்சரிக்கை அவர்களுடைய மொழியில் போய்ச் சேர வேண்டும்.

தோட்டத்தில் உடனே செய்யக்கூடியவை தெளிவானவை. வெயில் மாதங்களில் வேலையைச் சீக்கிரம் தொடங்கி, உச்சிப்பொழுதில் நிறுத்தி, மாலையில் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும்படி, குடத்தை வேலை நடக்கும் வரிசைக்கே கொண்டுபோக வேண்டும். வெயில் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை கொடுத்து, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பனி காய்ந்ததும் பிளாஸ்டிக் ஷீட்டை அவிழ்க்க மேஸ்திரியே நினைவூட்டலாம். இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவரையொருவர் கண்காணிக்கச் சொல்லலாம். வெயில் தலைக்கேறியவருக்குத் தன் நிலை தனக்கே தெரியாது.

நிழல் மரத்தையும் சொல்ல வேண்டும். தேயிலைக்கு இடையே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் செடிக்காக நட்டவை. கடும் வெயிலில் தேயிலைச் செடியும் வாடும், சிவப்புச் சிலந்திப் பேன் பெருகும். விலை கிடைக்கிறதென்று அந்த மரங்களை வெட்டி விற்றால், செடியோடு அதன் கீழே நிற்கும் பெண்ணும் நிழலை இழக்கிறார்.

சீசன் நாட்களின் கூட்டம்

மாவட்டத்தின் வெயில் மாதங்களும் சுற்றுலா மாதங்களும் ஒன்றே. மே மாதத்தில் உதகை தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி. நெரிசல் மிகுந்துபோனதால் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் மலையேறும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025இல் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. இது சாலைக்கான ஏற்பாடு என்றே பேசப்படுகிறது. வெயிலில் மணிக்கணக்காக நகராமல் நிற்கும் வண்டிக்குள் இருப்பவர்களுக்கு இது உயிர்க்காப்பும்கூட.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கீழ்ப்பாதியில் வண்டி நின்றால் புழுக்கம் உள்ளே ஏறும். கண்ணாடி ஏற்றிய கார் வெயிலில் நின்றால் பத்தே நிமிடத்தில் உள்வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் கூடும். ‘குளிர்ந்த ஊர்தானே’ என்று குழந்தையைத் தூங்கவைத்து, காரைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது. உதகையின் சில்லென்ற காற்று பூட்டிய காருக்குள் போகாது.

பிளாஸ்டிக் குடிநீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை இருக்கிறது. மலைக்கும் காட்டு விலங்குக்கும் தேவையான தடை. அதற்கு மாற்றாகப் பல இடங்களில் குடிநீர் ஏடிஎம்கள் வைத்திருக்கிறார்கள். காசு போட்டால் நம் பாத்திரத்தில் தண்ணீர் விழும். ஆகவே மலையேறுகிறவர் வீட்டிலிருந்தே பாட்டிலோடு புறப்பட வேண்டும். அந்த இயந்திரங்களைச் சீசனில் ஒரு நாளும் பழுதாக விடாமல் பார்ப்பது உள்ளாட்சியின் கடமை.

சுற்றுலாப் பயணி மாலையில் அறைக்குப் போய்விடுவார். நாள் முழுவதும் நடுச்சாலையில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், மக்காச்சோளம் சுட்டு விற்கும் அம்மா, குதிரைக்காரப் பையன், அந்தக் குதிரை, தூய்மைப் பணியாளர் ஆகியோருக்குப் போக இடமில்லை. சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்கு உதகையிலும் குன்னூரிலும் தேர் ஓடும் நாட்களில் நீர்மோரும் பானகமும் வழங்குவது நமக்குப் பழக்கமானது. அந்தத் தண்ணீர்ப் பந்தலைத் திருவிழா முடிந்ததும் பிரிக்காமல் ஜூன் மழை வரை நிறுத்தினால், இவர்கள் எல்லோருக்கும் அது கை கொடுக்கும்.

வெயில் கூடும்போது காடும் காய்கிறது. 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பற்றிய காட்டுத் தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர் தண்ணீர் சுமந்துவந்து ஊற்ற வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் வெப்பத்தோடு புகையும் சேர்வதால் ஆஸ்துமாக்காரர்கள் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். மழைநீரைப் பிடித்து வைத்து ஓடைக்குச் சிறுகச் சிறுக விடுபவை சோலைக் காடுகளும் புல்வெளிகளும். அவை சுருங்கினால் கோடைக் குழாயும் வறளும்.

கண்முன்னே ஒருவர் சோர்ந்தால்

வெயில் நோய் படிப்படியாக ஏறும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது, தலைச்சுற்றல், குமட்டல், தோல் சில்லிட்டு வியர்த்துக் கொட்டுவது ஆகியவை வெப்பச் சோர்வின் அடையாளங்கள். நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, இறுக்கமான உடையைத் தளர்த்தி, ஓஆர்எஸ் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுத்தால் பெரும்பாலும் அரை மணியில் தேறிவிடுவார். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கரைக்கலாம். உப்புப் போட்ட மோரும் கஞ்சித் தண்ணீரும் நல்லவை.

பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் உளறினால், தள்ளாடினால், மயங்கினால், வலிப்பு வந்தால் அது வெப்பவாதம். உள்வெப்பம் 40 டிகிரியைக் கடந்திருக்கும். தோல் காய்ந்திருக்கலாம், உழைத்துக்கொண்டிருந்தவர் என்றால் வியர்த்தும் இருக்கலாம். வியர்க்கிறதே என்று ஏமாறக் கூடாது. 108ஐ உடனே அழைக்க வேண்டும். மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வந்துசேர நேரமாகும் என்பதால், அது வரும் வரை நாம் செய்வதுதான் அவர் உயிரைத் தீர்மானிக்கும். ஸ்வெட்டர், ஷீட், பூட்ஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். தலை முதல் கால் வரை தண்ணீர் ஊற்றி ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துணியோ பனிக்கட்டியோ வையுங்கள். நீலகிரியின் ஓடைத் தண்ணீரே இயல்பாகக் குளிர்ந்தது. அதைவிட நல்ல மருந்து அந்த நிமிடத்தில் இல்லை. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது.

எட்டிப் பார்க்கும் மனிதர்

1995 ஜூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் சில நாள் வெப்பம் எழுநூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பின்னர் அதை ஆராய்ந்த சமூகவியலாளர் எரிக் கிளினன்பர்க், ஏறத்தாழ ஒரே அளவு வறுமையில் இருந்த பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளில்கூடச் சாவு எண்ணிக்கை வெகுவாக வேறுபட்டதைக் காட்டினார். தெருவில் நடமாட்டமும் அண்டை அயல் பழக்கமும் இருந்த இடத்தில் உயிர்கள் தப்பின. நம் நாட்டில் 2010 மே மாத வெப்பத்தில் வழக்கத்தைவிட ஆயிரத்து முந்நூறுக்கும் மேல் சாவுகளைக் கண்ட அகமதாபாத், 2013இல் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை உருவாக்கி முன்னெச்சரிக்கை, மருத்துவர் பயிற்சி, குடிநீர் மையம் என்று தன்னைத் தயார் செய்துகொண்டது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்பவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்று வகுத்தது. நல்ல தொடக்கம். நீலகிரிக்கு இனி வேண்டியது இந்த மலைக்கே அளவெடுத்துத் தைத்த திட்டம்: உதகைக்கு ஒரு எச்சரிக்கை அளவு, கூடலூருக்கு ஈரப்பதமும் சேர்த்த வேறொரு அளவு, எஸ்டேட் மருந்தகங்களில் ஓஆர்எஸ் இருப்பு, லைன் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு.

அதற்குக் காத்திராமல் நாம் செய்யக்கூடியதும் உண்டு. ஹட்டியிலோ லைனிலோ தனியாக இருக்கும் பெரியவர்களின் கதவைச் சித்திரை மதியத்தில் ஒருமுறை தட்டலாம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், வெயில் நாளில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மருந்து என்று மருத்துவரிடம் கேட்டுச் சொல்லலாம். ஜன்னலை மாலையில் திறந்து வைக்கலாம்.

எஸ்டேட் ஸ்டோரில் குடைகளை மே மாதக் கடைசியில், மழைக்கு முன்னால்தான் கணக்குப் பார்ப்பார்கள். கொழுந்து பறிக்கும்போது குடை பிடிக்க முடியாது. இரண்டு கையும் செடியில் இருக்கும். ஆனால் எடை போடும் இடத்தில் பெண்கள் பை சுமந்து வெட்டவெளியில் வரிசையாக நிற்கிறார்கள். அந்த இடத்துக்கு ஒரு கூரை, கூரை இல்லாத இடத்துக்கு அந்தக் குடைகள், பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். இவற்றை இனி மார்ச் மாதமே எடுத்து வைக்க வேண்டும்.